தொழுவத்துக் கார்

எங்கள் கார் நின்ற இடம் அதற்கு முன் மாட்டுத் தொழுவம். மாடுகளைக் கொடுத்து ஐந்தாறு வருஷம் ஆகியும் கழுநீர்க் கல்தொட்டி மட்டும் அங்கேயே கிடந்தது. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்தத் தொட்டிக்கு எதிரே மூக்கை நீட்டிக்கொண்டு கார் நிற்கும். மழை பெய்தால் தரையிலிருந்து பழைய வைக்கோல் வாடை கிளம்பும். உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டால் பெட்ரோல் மணமும் வைக்கோல் மணமும் ஒன்றாகி, சாதுவான ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் வயிற்றுக்குள் இருப்பதுபோல் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். கல்லிடைக்குறிச்சியில் வீடு, தினமும் பாசஞ்சர் ரயிலில் ஜங்ஷன் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பாளையங்கோட்டையில் கல்லூரி. நான் இயற்பியல் இரண்டாம் வருஷம். கார் அண்ணனுடையது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலையாக இருந்தபோது யாரிடமோ வாங்கிய பழைய வெள்ளைக் கார். ஆடியில் அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் ஒரு மாதம் வீட்டில் இருந்தான். அந்த ஒரு மாதத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுக்கவைத்து, சாவியையும் கையில் கொடுத்தான்.

"வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுட்டி. இல்லன்னா உறங்கிரும்."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகள் எனக்குக் கிடைத்தன. அப்பா முன் இருக்கையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். மணிமுத்தாறு அணை வரைக்கும் போய்த் திரும்புவோம். அப்பா பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த வளைவுக்கு அப்பால் எந்த வாய்க்கால் வரும் என்று தெரியும். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் இடது காலும் தரையை ஒரு அழுத்து அழுத்தும்.

மற்ற நாட்களில் சாயங்காலம் ரயில் இறங்கி வந்ததும், காப்பிக்கு முன்னால் கொஞ்ச நேரம் தொழுவத்துக் காரில் போய் உட்காருவேன். சாவியைப் போட மாட்டேன், மடியில் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கல்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது மெல்ல மெல்லக் கரைந்து ரோடு ஆகும். ஒருநாள் ஸ்ரீவைகுண்டம் வழியாகக் கொற்கைக்குப் போனேன். கொற்கையைவிட்டுக் கடல் விலகிப் போய் எத்தனையோ காலம் ஆயிற்று என்று அப்பா சொல்லுவார். நான் போன அன்றைக்கு அலை கண்ணாடிவரைக்கும் வந்தது. இன்னொரு நாள் குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு வேஷம் கட்டிய கூட்டம், புலியும் குறத்தியும் ராஜாவும், காரைச் சுற்றி வழிவிட்டு நின்றார்கள். "அங்கன என்னட்டி பண்ணுத, காப்பி ஆறுது" என்று அம்மா குரல் கொடுத்ததும் புலி, ராஜா எல்லோரும் தொட்டிக்குள் போய்விட்டார்கள்.

புரட்டாசி பிறந்ததும் தொந்தரவு தொடங்கியது.

ஞாயிறு காலையில் சாவியைத் திருப்பினால் பேட்டரி இறங்கிப் போயிருந்தது. உள்ளே யாரோ நாக்கைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு மாமா, பாங்கில் கிளார்க்கு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வந்தார். எதிர்வீட்டு அண்ணன்மார் இரண்டு பேரும் வந்தார்கள். தெருக்கோடி வரைக்கும் தள்ளி, நான் கிளட்சை விட்டதும் கார் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கு அடுத்த ஞாயிறு நான் போய்க் கூப்பிடுவதற்கு முன்னாலேயே மாமா வாசலில் நின்றார்.

"ஏட்டி, இன்னைக்கும் தேர் இழுக்கணுமா?"

"ஒரு கை போடுங்க மாமா."

"ஊர்த் தேரு வருஷத்துக்கு ஒரு தடவதான் நகருது. உன் தேரு வாரா வாரம்லா வருது."

"வடம் மட்டும் கட்டுனா நாங்க தேங்காயே உடைச்சிருவோம் வே" என்றான் எதிர்வீட்டுப் பெரிய அண்ணன்.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் தள்ளி முடித்து மூச்சு வாங்கும்போது மாமா அப்பாவின் பக்கம் குனிந்து, பைய, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "பையன் ஓட்டுன மட்டும் நல்லாத்தான் இருந்திச்சு. கோவப்படாதீய சார், கைராசின்னு ஒண்ணு இருக்குல்லா?"

அப்பா மடியில் குடையைத் திருப்பி வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கணக்குப் பார்த்தால் மாமா சொன்னது சரியாகத்தான் இருந்தது. அண்ணன் கையில் இருந்தவரை ஒருநாளும் இறங்காத பேட்டரி, நான் தொட்ட பிறகு ஒரு வாரம் தாங்கவில்லை. சோதனைக்கூடத்தில் இப்படி ஒரு அட்டவணையைப் பார்த்தால் நானே அப்படித்தான் முடிவு எழுதியிருப்பேன்.

ஐப்பசியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. ரொம்பத் தொல்லை என்றால் கொடுத்துவிடுங்கள், நான் வந்து வேறு பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். அப்பா அதை இரண்டு தடவை படித்து மடித்தார்.

"கார்த்திகை முடியதுக்குள்ள வண்டி தள்ளாம எடுத்தா நிக்கட்டும். இல்லன்னா கொடுத்துருவோம். மார்கழியில கொடுக்கல் வாங்கல் கூடாது."

தென்காசியில் அப்பாவோடு வேலை பார்த்த ஓவிய வாத்தியார் ஒருவர் ரொம்ப நாளாகப் பழைய கார் தேடிக்கொண்டிருந்தார். கார்த்திகைக் கடைசி ஞாயிறு வந்து பார்க்கும்படி அவருக்கு ஒரு கார்டு போனது. தபால்பெட்டியில் அதைப் போட்டது நான்தான். அது உள்ளே விழும் சத்தம் கேட்டது. கார் போய்விட்டால் என் லைசென்ஸ் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் கிடக்கப் போகும் ஒரு காகிதம். வேறு யார் எனக்கு ஒரு காரைத் தந்து ஓட்டு என்று சொல்லப் போகிறார்கள்?

பேட்டரியைக் கழற்றி அண்ணனின் பழைய சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, பாலத்தைக் கடந்து அம்பாசமுத்திரத்துக்கு உருட்டிக்கொண்டு போவேன். பஜாரில் சார்ஜ் போடும் கடை. கடைக்கார அண்ணாச்சிக்கு எதைப் பார்த்தாலும் ஆஸ்பத்திரி ஞாபகம்தான்.

"என்ன தங்கச்சி, பிள்ளையத் திரும்பத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"காய்ச்சல் விடல அண்ணாச்சி."

முதலில் சோடா போட்ட வெந்நீரை ஊற்றிப் பேட்டரியின் தலையைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவுவார். அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு உறிஞ்சி, உள்ளே மிதக்கும் மிதவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்; சார்ஜ் இறங்கினால் மிதவையும் இறங்கும். பிறகு சார்ஜ் போட்டு, மறுநாள் தருவார்.

"இதுல ஒரு குத்தமும் இல்ல தாயி. வண்டியிலதான் எங்கனயோ எர்த் அடிக்குது. தண்ணிக் குழாயில சொட்டுச் சொட்டா ஒழுகுமே, அதே மாதிரி. தேடு."

தேடினேன். கல்லூரிச் சோதனைக்கூட உதவியாளரிடம் கெஞ்சி ஒரு முள் மீட்டரைக் கடனாக வாங்கி, துண்டில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தேன். பானெட்டைத் திறந்தால் பேட்டரியின் தலையில் அப்பா வெள்ளிக்கிழமை பூசிய திருநீற்றுப் பட்டை மூன்று தெரியும். அதை மனசுக்குள் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். கார் எங்காவது ரகசியமாகக் குடிக்கிறது என்றால் முள் அசைய வேண்டும். அசையவில்லை. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஹாரன், விளக்கு, வைப்பர், எல்லா ஒயரையும் விரலால் தடவிக்கொண்டே போனேன். முள் சைபரில் படுத்து உறங்கியது.

அப்போதுதான் எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. சாயங்காலங்களில் கொற்கைக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் போய் வருகிறேனே, அந்த மயக்கத்தில் கை எதையாவது தட்டிவிடுகிறதோ? யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் காருக்குள் ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ரயில் இறங்கி வந்து, தொழுவத்தைப் பார்க்காமல் நேரே அடுக்களைக்குப் போனேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன். அதே நாக்குத் தட்டல். கனவுக்கு ஆம்பியர் கிடையாது என்று நிரூபணம் ஆயிற்று. அது தெரிந்து சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் இரண்டு ஒயரையும் கழற்றியே போட்டேன். பேட்டரி காருக்குள்தான் இருந்தது, ஆனால் காரோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்படியும் அடுத்த ஞாயிறு செத்துக் கிடந்தது. அப்படியென்றால் கார் நிரபராதி. பிறகு அண்ணாச்சியிடமே கொடுத்து, சார்ஜ் ஏற்றி எட்டு நாள் சும்மா வைத்துப் பார்க்கச் சொன்னேன். எட்டாவது நாள் போனால் மிதவை போட்ட இடத்திலேயே மிதந்தது. பேட்டரியும் நிரபராதி. காரும் நல்லது, பேட்டரியும் நல்லது. எங்கள் தொழுவத்தில் வைத்தால் மட்டும் உயிர் போகிறது.

"மாட்டுச் சாபமா இருக்கும்" என்றார் மாமா.

"எங்க மாடு சாபம் போடுத மாடா? அதுக்கு முட்டக்கூடத் தெரியாது, பாவம்" என்று அம்மா சண்டைக்குப் போனாள்.

எட்டு நாள் முடிந்து பேட்டரி வீட்டுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. கார்த்திகைக் கடைசி ஞாயிறுக்கு இன்னும் பத்து நாள்.

மறுநாள் வெள்ளி. சாயங்காலம் ஐந்து மணி பாசஞ்சரில் திரும்பிக்கொண்டிருந்தேன். பிடித்த மழை விடவில்லை. சேரன்மாதேவி தாண்டியதும் வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளியாகக் கிடந்தது. அதற்கு நடுவில் ரயில் படகுமாதிரி போனது. எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். காலையில் குழைத்துப் பூசிய திருநீறு நெற்றி முழுக்க மூன்று பட்டையாக இருந்தது. ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டதால் சாரல் அவர் முகத்தில்தான் அடித்தது. அவரோ தூங்கிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளைப் பட்டை ஈரம் பட்டுச் சாம்பல் நிறமானது. பிறகு ஒன்றோடு ஒன்று இழைந்து, இந்த நெற்றிப்பொட்டிலிருந்து அந்த நெற்றிப்பொட்டுவரைக்கும் ஒரே கோடாகப் பளபளத்தது.

இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் திருநீறு பூசாத பொருள் கிடையாது. ஆட்டுரல், தையல் மெஷின், பீரோ, ஃபிரிட்ஜ், கரண்டு மீட்டர், அண்ணனின் சைக்கிள். பூசியதைத் துடைக்கவும் கூடாது. பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம். காற்றைப் பார்க்கிறோமா, அதைப்போல்தான் நானும் அதைப் பார்க்கவில்லை. ஊரில் எல்லா வண்டிப் பேட்டரியிலும் ஒரு பொட்டாவது இருக்கும், அதனால் அண்ணாச்சிக்கும் அது அழுக்காகத் தெரிந்ததில்லை; கழுவினார், மறந்தார். ஆனால் அப்பா பொட்டு வைக்கிற ஆள் இல்லை. எதையும் முழுசாகச் செய்கிறவர். செம்பிலிருந்து தண்ணீர் விட்டுத் திருநீற்றைச் சொதசொதவென்று குழைத்து, பிளஸ் முனையிலிருந்து மைனஸ் முனைவரைக்கும் மூன்று விரலால் இழுப்பார். அண்ணன் விமானம் ஏறிய ஆவணியிலிருந்து ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. நான் ஓட்டத் தொடங்கியதும் அதே ஆவணிதான்.

எனக்கு எழுந்து நின்று கத்தவேண்டும்போல் இருந்தது. பெரியவர் கண்ணைத் திறந்து, "கல்லிடை வந்துட்டாம்மா?" என்று கேட்டார். "வரப்போகுது தாத்தா" என்றேன்.

சனிக்கிழமை காலை மழை விட்டு வெளிச்சம் பால்மாதிரி இருந்தது. பானெட்டைத் திறந்தேன். நேற்றுப் பூசிய பட்டை இன்னும் காயவில்லை. ஓட்டைகளின் மூடி ஓரத்தில் கசிந்த ஆசிடும் அதோடு கலந்து, தொட்டால் விரலில் ஒட்டியது. மீட்டரின் கறுப்பு ஒயரை மைனஸ் முனையில் வைத்து, சிவப்பு ஒயரின் நுனியை முனைமேல் அல்ல, திருநீற்றின்மேல் வைத்தேன். முள் எழுந்தது. வெறும் சாம்பல்மேல் முள் எழுந்து நின்றது! பிளஸ் ஓரத்தில் பன்னிரண்டுக்குப் பக்கம். நுனியைப் பட்டையின் வழியே பைய நகர்த்தினேன். ஒன்பது. நடுவில் ஆறு. பிறகு மூன்று. மைனஸ் ஓரத்தில் வந்து படுத்துவிட்டது. திரும்ப இந்தப் பக்கம் வந்தேன், படிப்படியாக ஏறியது. எத்தனை தடவை அப்படிப் போய் வந்தேன் என்று தெரியாது. ஒரு விரற்கடை அகலத்தில் ஒரு ஆறு, மலையில் பிறந்து சரிந்து சரிந்து கடலில் விழுந்துகொண்டிருந்தது. இரவும் பகலும், நாங்கள் உறங்கும்போதும், சத்தமே இல்லாமல்.

அம்மா காப்பியோடு வந்தாள். அவளிடம் முதலில் சொன்னேன். அவளுக்கு வோல்ட் புரியவில்லை, காரணம் புரிந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இதை அப்பாட்ட எப்படிட்டி சொல்லுவ?"

"ஏன், உள்ளதைத்தானம்மா சொல்லப் போறேன்?"

"உங்க அண்ணன் இங்க இருந்தப்ப தினமும் காலையில அவன் கிளம்பும்போது நெத்தியில பூசி விடுவாங்கல்லா. இப்ப வெள்ளிக்கிழமை மட்டும் இங்கன வாராங்க. நான் அடுக்களையில நிக்கும்போது காதுல விழும். அவன் பேரைச் சொல்லித்தான் பூசுதாங்க."

காப்பியைக் குடிக்காமல் காருக்குள் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ரோடு எதுவும் வரவில்லை, கல்தொட்டி கல்தொட்டியாகவே இருந்தது. அப்பா பூசினால் கார் போய்விடும். பூசவேண்டாம் என்றால் மஸ்கட்டில் இருக்கிற நெற்றி வெறுமையாகிவிடும். தெரியாமல் துடைத்துவிடலாமா? ஒரு பாலிதீன் தாளை ஒட்டி அதன்மேல் பூசச் சொல்லலாமா? எதை யோசித்தாலும் அதில் ஒரு திருட்டுத்தனம் இருந்தது.

யோசித்து முடிப்பதற்குள் அப்பாவே தொழுவத்துக்கு வந்துவிட்டார். பானெட் திறந்திருந்தது, மீட்டர் அதன்மேல் இருந்தது.

"என்னட்டி, முள்ள வச்சுக் குத்திக்கிட்டிருக்க?"

இறங்கி வந்தேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் செய்து காட்டினேன். பன்னிரண்டு, ஒன்பது, ஆறு, மூன்று, சைபர். அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"திருநீத்துல கரண்டு ஓடுதுங்கியா?"

"திருநீத்துல இல்லப்பா. அதோட ஈரத்துல. இது ஆறு இறங்குத பாபநாசம்னு வச்சுக்கோங்க. இது கடல்ல விழுத புன்னைக்காயல். மேட்டுலருந்து பள்ளத்துக்கு."

அப்பா ஒயர் நுனியை என் கையிலிருந்து வாங்கினார். அவரே வைத்துப் பார்த்தார். முதல் பட்டை, இரண்டாவது பட்டை, மூன்றாவது பட்டை. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "இது சேரன்மாதேவியா?" என்று கேட்டார்.

"ஆமா, அங்கனக்குள்ளதான் இருக்கும்."

"காய்ஞ்சா ஓடாதுல்லா?"

"ஓடாது. ஆனா இந்த மழையில எங்கப்பா காயும்?"

ஓட்டில் தேங்கியிருந்த தண்ணீர் வெளியே ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

"பேட்டரி ஒரு அணை. நான் மூணு வாய்க்கால் வெட்டி விட்டிருக்கேன்" என்றார். "பிறகு உன் கைராசியச் சொன்னா எப்படி?"

ஒயரை என் கையில் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய்விட்டார். மனசு கஷ்டப்பட்டுப் படுத்துவிட்டாரோ என்று அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அரைமணி நேரத்தில், வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஒரு வாளி வெந்நீரோடு வந்தார்.

"சோடா மாவு எங்க வச்சிருக்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

"துடைக்கக் கூடாதும்பீங்களே?"

"துடைக்கத்தான் கூடாது. கழுவலாம். சாமிக்கே அபிஷேகம் பண்ணுதோம்லா?"

கழுவினார். அண்ணாச்சி ஒரு நிமிஷத்தில் செய்வதை அப்பா முக்கால் மணி நேரம் செய்தார். சோடா பட்டதும் நுரைத்ததைக் குழந்தைமாதிரி வேடிக்கை பார்த்தார். கழுவிய தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்றவேண்டும் என்று அவர் நந்தியாவட்டைச் செடிக்குப் போக, அம்மா குறுக்கே வந்து நின்று, "செடி செத்துட்டுன்னா அதுக்கு யாரு அபிஷேகம் பண்ணுவா?" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். கடைசியில் பழைய துணியால் அப்பா ஈரம் ஒற்றி எடுத்தபோது பேட்டரி கறுப்பாக, கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல் மின்னியது. நான் மீட்டரை எங்கே வைத்தாலும் முள் எழவில்லை.

அந்த வாரம் தினமும் காலையில் முனையில் மீட்டரை வைத்து, எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். பன்னிரண்டரை. பன்னிரண்டரை. பன்னிரண்டரை. இவ்வளவு அழகான சலிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் ரயிலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அடுக்களை ஜன்னல் வழியாகத் தொழுவம் தெரியும். அப்பா திருநீற்றுக் கிண்ணத்தோடு போய் பானெட்டைத் திறந்தார். குழைத்த மூன்று விரலும் அந்தரத்தில் நின்றன. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நான் பின்னலை முடியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். பானெட்டை மூடினார். கதவைத் திறந்து, ஒருநாளும் உட்காராத இடத்தில், ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைச் சுற்றி வட்டமாக, ஒரு இடம் விடாமல் பூசினார். உதடு அசைந்தது. என்ன பேர் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு ஓவிய வாத்தியார் வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா வந்ததும் காரைத்தான் தேடினார்கள். மாமாவும் எதிர்வீட்டு அண்ணன்மாரும் வேட்டியை மடித்துக் கட்டித் தயாராக நின்றார்கள்.

"பைய எடுட்டி" என்றார் அப்பா. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும், அவர் விரல் குடைக்காம்பை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தது என்று.

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. கார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தது. தொழுவமே அதிர்ந்தது. அணைத்தேன். திரும்ப எடுத்தேன். மூன்று தடவை.

"என்னவே இது, நமக்கு வேலை இல்லாமப் போச்சு" என்றார் மாமா.

வாத்தியாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தொல்லை கொடுக்குன்னு எழுதியிருந்தீரே சார், தங்கமா எடுக்குதே! இன்னைக்கே முடிச்சிருவோம்."

இதை நான் யோசிக்கவே இல்லை. நன்றாக எடுத்தால் வாங்க வந்தவருக்கு இன்னும் பிடிக்கும் என்பதை எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த என் கை வேர்த்து, உள்ளங்கையில் திருநீறு குழைந்தது.

"கொடுக்கதுக்கு இல்ல சார்" என்றார் அப்பா.

"என்னது?"

"எடுக்கலன்னா கொடுக்கதா இருந்தேன். எடுத்திட்டுல்லா."

"அப்ப எதுக்கு வே என்னைய தென்காசியிலருந்து வரச் சொன்னீரு?"

"எடுக்குதான்னு பாக்க ஒரு பெரிய மனுஷன் வேணும்லா?"

வாத்தியார் கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்க, அவர் மனைவிதான் முதலில் சிரித்தார்கள். சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினோம். அம்மா வைத்த தேங்காய்ப்பால் சொதியை வாத்தியார் மூன்று தடவை கேட்டு வாங்கியதில் பாதிக் கோபம் போயிருந்தது. கிளம்பும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. தென்காசி பஸ் அம்பாசமுத்திரத்தில்தான் ஏறவேண்டும். அப்பா வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நனையாம பஸ் ஸ்டாண்டுல கொண்டு விட்டுட்டு வா."

"நீங்க வரலயாப்பா?"

"வாரவங்க நாலு பேருன்னா நெருக்கமா இருக்கும்" என்றார். காரில் தாராளமாக ஐந்து பேர் உட்காரலாம்.

வாத்தியார் பின்னால் ஏற, அந்த அம்மா முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பாலம் தாண்டும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். "நானும் கத்துக்கலாமாட்டி? இவுக வண்டி வாங்குனா இவுகதான் ஓட்டுவாகன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்கள். பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது.

பஸ் ஸ்டாண்டில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. தரையை அழுத்த ஒரு காலும் இல்லை. பாலத்தில் ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் மேகம். பாலம் தாண்டி வயல் தொடங்கும் இடத்தில், பூவரச மரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினேன். இப்படி நடுவழியில் நிறுத்தி எஞ்சினை அணைக்க அதுவரை ஒருநாளும் தைரியம் இருந்ததில்லை. அணைத்துவிட்டால் தள்ள யார் வருவார்கள்?

அணைத்தேன்.

வைப்பர் நின்றது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து, வயலும் ரோடும் ஒன்றாகக் கரைந்தன. கூரையில் மழை. தவளைகள். தூரத்தில் எங்கோ செங்கோட்டை ரயிலின் கூவல். எங்கே போவது என்று யோசித்தேன். கொற்கையா, குலசேகரன்பட்டினமா? ஒன்றும் தோன்றவில்லை. இந்த மரத்தடி போதும் என்று இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, மழை குறைந்து கண்ணாடியில் மறுபடியும் ரோடு தெரிந்தது.

வீட்டில் தேடுவார்கள். சாவியைத் திருப்பினேன். எடுத்தது.